தொட்டித் தண்ணீர் தெளிந்த எட்டு நாட்கள்

வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே அதை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுகிற வயது உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அதனால் கூச்சப்படாமல் பேசலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கே கண் சிவந்து, 'மெட்ராஸ் ஐ' என்று வகுப்பில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியதும், சிவக்காதவர்கள் வயிற்றெரிச்சலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றதும் உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கும் ஒரு வருடம் மெட்ராஸ் ஐ வந்ததாக எங்கள் வீட்டில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு குடித்தனம். நான் ஆறாவது படித்தேன். அப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. அம்மா சாயங்காலங்களில் ஐந்தாறு பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். நந்தனத்தில் குடியிருந்த அப்பாவின் நண்பர் ஒருவர் தில்லிக்கு மாற்றலாகிப் போகும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத தன் மீன்தொட்டியை எங்கள் தலையில் கட்டினார். மூன்றடி நீளத் தொட்டி. அதை ஆட்டோவில் அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாலு கோல்டு ஃபிஷ்ஷும் ஒரு சக்கர் மீனும் எவர்சில்வர் தூக்கில் என் மடியில் வந்தன. சக்கர் மீன் என்பது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் பாசி தின்னும் கறுப்பு மீன். கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது, கிழக்கு ஜன்னலுக்குக் கீழே. காற்று மோட்டாருக்கு மின்சாரம் வேண்டுமே என்று தொட்டியையும் அங்கேயே வைத்தோம்.

மூன்றாவது வாரம் தண்ணீர் பச்சையாகிவிட்டது. முதலில் எலுமிச்சை ஜூஸ் நிறம், பிறகு கீரை வேகவைத்த தண்ணீரின் நிறம். மீன்கள் கண்ணாடிக்கு மிக அருகில் வரும்போது மட்டும் ஒரு மஞ்சள் வால் தெரிந்து மறையும். ஒருவிதமான குளத்து வாசனை கூடத்தில் நின்றது. அம்மாவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பாட்டு வகுப்புக்குப் பெண்களைக் கொண்டுவிட வரும் தாய்மார்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு மூக்கை லேசாகச் சுளிப்பது அம்மாவின் கண்ணுக்குத் தப்பாது.

தொட்டியை உண்மையில் கவனித்துக்கொண்டவர் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைத்த அக்கா. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும், நான் உட்பட, அவரை அவள் இவள் என்றுதான் பேசினோம். இப்போது அவர் என்று எழுதுகிறேன். முப்பது வருடம் தாமதமான மரியாதை, அதற்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். கால்வாய் ஓரத்தில் ஒரு குடிசையில் மகளோடு இருந்தார். கணவர் எப்போதோ விட்டுப் போய்விட்டார். காலை ஆறு மணிக்கு வந்தால் நாலு குடித்தனத்துக்கும் வேலை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்புவார். ஒரே மாடிப்படியில் நாலு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. "இந்த நாலு வூடு கீற வரிக்கும் என் பொண்ணு படிச்சிக்கினு இருப்பா பாப்பா," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மகள் எட்டாவது படித்தாள். சனிக்கிழமைகளில் தன் அம்மாவோடு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தருவாள்.

அக்கா வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுவார். லாரித் தண்ணீரில் மருந்து வாசனை போக ஒரு நாள் ஆகும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. பச்சைக்குக் காரணத்தையும் அவர்தான் முதலில் சொன்னார். காலை வெயில் நேராகத் தொட்டியில் விழுகிறது, அதை மறைத்தால் போதும் என்றார். மறைக்கவும் செய்தார், தன் பழைய பாவாடைத் துணி ஒன்றைத் துவைத்துக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் கட்டி. பத்து நாளில் தண்ணீர் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் பாட்டு வகுப்பு நடக்கிற கூடத்தில் கந்தல் தொங்குகிறதே என்று அம்மா அதை அவிழ்த்துவிட்டார். திரை வாங்கிப் போடலாம் என்று அப்பா சொன்னார், வாங்கவில்லை. தண்ணீர் பழையபடி கீரைத் தண்ணீர் ஆனது.

இந்த இடத்தில்தான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி, வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். டை கட்டிக்கொண்டு பெட்டியோடு அவர் மாடிப்படி இறங்குவதை நாலு குடித்தனமும் எட்டிப் பார்க்கும். அதற்கு முன் மூன்று வேலைகளை விட்டவர். இதையும் விட்டால் அப்பா இந்த வீட்டில் தங்கவிட மாட்டார் என்பது எனக்கே தெரியும். மெஷினுக்குள் ஒரு குழல்விளக்கு இருக்கிறது, அதன் வெளிச்சத்தைக் கடந்து போகும் தண்ணீரில் ஒரு கிருமிகூட உயிரோடு மிஞ்சாது என்று மாமா எங்களிடம் ஒத்திகை பார்ப்பார். ஒருநாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பாசியும் ஒரு கிருமிதானே என்றார்.

ஒரு பழைய மெஷினைப் பிரித்து அந்தக் குழல்விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார். கீழ்ப்பாதியைத் தொட்டிக்கு மேலே வாய்க்கால் மாதிரி வைத்து, சின்ன மோட்டாரால் தண்ணீரை ஏற்றி மெல்லிசாக ஓடவிட்டார். அதற்கு மேல் விளக்கு, விளக்குக்கு மேல் குழாயின் இன்னொரு பாதி மூடியாக. இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்டுகள் போட்டார். விளக்கைக் கடந்த தண்ணீர் மறுமுனையில் தொட்டிக்குள் விழுந்தது. விழுகிற சத்தம் நன்றாக இருந்தது. ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசனை கூடத்தில் பரவியது. மூடியை மட்டும் யாரும் திறக்கப்படாது என்று மாமா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாலாம் நாள் மீன்கள் தெரிந்தன. எட்டாம் நாள் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தெளிந்துவிட்டது. கீழ் வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் வந்து பார்த்தார்கள். அப்பா முதல்முறையாக மாமாவின் தோளில் தட்டினார். தி. நகரிலும் அடையாற்றிலும் ஹோட்டல்காரர்கள், பல் டாக்டர்கள் என்று தொட்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இதையே செய்து தரலாம் என்று மாமா இரவுச் சாப்பாட்டின்போது கணக்குப் போட, அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். எனக்கும் பெருமைதான். அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த விளக்குப் பக்கம் போனால் ஒரு மாதிரி வாசனை வருகிறது என்று முணுமுணுத்தார்.

அந்த எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் தி. நகரில் ஒரு கல்யாணத்துக்குக் காலையிலேயே போய்விட்டார்கள். மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை என்பதால் என்னை விட்டுவிட்டு, துணைக்கு அக்காவை இருக்கச் சொன்னார்கள். மாமா திருவான்மியூருக்கு மெஷினைக் காட்டப் போயிருந்தார். ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். நான் பின்னக் கணக்கைப் போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயின் இரண்டு முனையிலும் நீலமாக ஒரு கசிவு தெரியும். உள்ளே அது எப்படி இருக்கும் என்று ஒரு வாரமாக எனக்கு அரித்துக்கொண்டிருந்தது.

திறக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார் என அக்கா தடுத்தார். நான் கெஞ்சினேன். ஒரு நிமிஷம்தான் என்றேன். அக்காவுக்கு என்னிடம் எப்போதும் மறுக்கத் தெரியாது. நான் ரப்பர் பேண்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன்.

என்ன அழகு என்கிறீர்கள். ஊதாவும் நீலமும் கலந்த வெளிச்சம். ஓடுகிற தண்ணீரெல்லாம் அதன் நிறமாகி, மீன்கள் மேல் கோடு கோடாக விழுந்தது. ஒரு நிமிஷம் அரைமணி ஆனது. அக்காவும் துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு என்னருகில் உட்கார்ந்தார். எங்கள் கூடத்தில் அவர் வேலை இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவர் மூக்குத்திக் கல்லில் நீலம் தெரிந்தது. தீபாவளி மத்தாப்பு மாதிரி இருக்கிறது என்றார். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த சக்கர் மீனைக் காட்டி, "இதுவும் என்னியாட்டம்தான் பாப்பா, நாள்பூரா தேச்சிக்கினே கீது," என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு பேரும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தோம். மூடியைத் திரும்பப் போட்டபோது ஒரு ரப்பர் பேண்டு அறுந்துவிட்டது. மாமாவிடம் சொல்லிவிடாதே என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். என் உள்ளங்கையில் அடித்து, சொல்ல மாட்டேன் என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என் கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டதுபோல் ஆயிற்று. திறந்தால் எரிச்சல், மூடினால் உறுத்தல். தாரை தாரையாகத் தண்ணீர். கல்யாணத்திலிருந்து வந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை, மயிலாப்பூரில் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார். அங்கே ஏற்கெனவே ஒரு பெஞ்சு நிறையக் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். டாக்டர் என் இமையை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை, சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். யாரையும் தொடாதே என்றார்.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தார். அவர் கண்கள் என்னுடையதைவிட மோசமாக வீங்கியிருந்தன. முந்தானையால் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றார். தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அம்மா நினைத்தார். கால்வாய்க்கரை, குடிசை, அழுக்குத் தண்ணீர், நேற்றுப் பகல் முழுக்கக் குழந்தையோடு இருந்தவள். அம்மா கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று குரல் நடுங்கியது. "ஒடம்பு சரியில்லேன்னா சொல்ல மாட்டியா? கொழந்தைக்கு ஒட்டவெச்சுட்டுப் போயிருக்கியே. பத்து நாளைக்கு இந்தப் பக்கமே வராதே," என்றார்.

நான் அம்மாவுக்குப் பின்னால், கையில் ஈரத்துணியோடு நின்றேன்.

"என் வூட்ல யாருக்கும் கண்ணு நோவு இல்லமா," என்றார் அக்கா. "நேத்து காலைலகூட நல்லாத்தான் இருந்திச்சு. அந்த வெளக்கு..."

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதிகம் இல்லை, கொஞ்சமாக. அம்மாவுக்குத் தெரியாதபடி.

அக்கா நிறுத்திக்கொண்டார். இமைகள் வீங்கிக் கிடந்த அந்தக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாவோ, தெர்லமா," என்றார். பிறகு படியிறங்கிப் போனார். எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. வெட்கமெல்லாம் பிறகு, மெதுவாக, வருடக்கணக்கில் வந்தது.

அக்கா தொட்ட பாத்திரங்களையெல்லாம் அம்மா வெந்நீரில் போட்டார். கதவுப் பிடியைப் பினாயிலால் துடைத்தார். மற்ற மூன்று குடித்தனத்துக்கும் போய், குழந்தைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர்களும் அன்றே அக்காவை நிறுத்தினார்கள். பத்து நாள் பாத்திரம் தேய்க்காமல் யாரால் இருக்க முடியும்? மூன்றாம் நாளே வேறு ஒருவர் வந்தார், நாலு வீட்டுக்கும் சேர்த்து. பத்து நாள் கழித்து அக்கா வந்து கீழே நின்று கூப்பிட்டதாகவும், ஆள் வைத்தாயிற்று என்று கீழ் வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

என் கண் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. ஒரு வாரம் படுத்தும் மெட்ராஸ் ஐ எப்படி இரண்டு நாளில் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை, டாக்டர் கைராசிக்காரர் என்றார்கள். என் நெற்றியிலும் மூக்கிலும் தோல் உரிந்தது, வெயிலில் ஆடாதே என்றார்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒட்டவே இல்லை, பினாயிலின் மகிமை என்றார்கள். எல்லாம் கண் முன்னாலேயே இருந்தது. அழுக்கு எங்கேயிருந்து வரும் என்று அவர்கள் முன்னமே முடிவு செய்திருந்தார்கள், அதனால் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

மாமா மட்டும் திங்கட்கிழமை ராத்திரி என் முகத்தைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார். ஒரு ரப்பர் பேண்டு குறைந்திருந்தது. சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், மூடியைத் திறந்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. செவ்வாய்க்கிழமை விளக்கு ஃபியூஸ் போய்விட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டார். ஹோட்டல்களைப் பற்றியும் பல் டாக்டர்களைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசவில்லை.

தண்ணீர் மறுபடி பச்சையானது. புதிதாக வந்தவருக்குத் தொட்டி ஒரு தொல்லை, குழாயில் அப்போதுதான் பிடித்த தண்ணீரை வாளியோடு கவிழ்த்துவிட்டுப் போவார். கோல்டு ஃபிஷ்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியில் சக்கர் மீன் மட்டும் இருந்தது, ஒரு காலையில் அதுவும் இல்லை. தொட்டியில் அம்மா அரிசி மூட்டையை வைத்தார்.

பொங்கல் கழிந்து, அடையாறு பஸ் ஸ்டாப்பில் அக்காவின் மகளைப் பார்த்தேன். பள்ளிக்கூட நேரம், எனக்கு அன்றைக்கு அரைநாள்தான். அவளுக்கு யூனிஃபார்ம் இல்லை, கையில் காய்கறிப் பை. பக்கத்தில் ஒரு வீட்டிலேயே தங்கி வேலை செய்வதாகவும், அவள் அம்மாவுக்கு இந்தப் பக்கத்தில் நிரந்தரமாக வீடு எதுவும் அமையவில்லை என்றும் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பஸ் வந்ததும், "எங்கம்மா உன்னியப் பாத்தா கேக்க சொல்லிச்சு. உனுக்குக் கண்ணு நல்லாயிடிச்சா?" என்றாள். சரியாகிவிட்டது என்றேன். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மந்தைவெளி வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அதன் பிறகு அவர்கள் இருவரையும் நான் பார்க்கவே இல்லை. காலேஜ் போகும் வயதில் தைரியம் வந்து கால்வாய்க்கரைக்குத் தேடிப் போனபோது அங்கே குடிசைகளே இல்லை, ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்றார்கள்.

போன வருடம் மாமா இறந்தார். பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து உறவுக்காரர்களெல்லாம் கிளம்பிய பிறகு, நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. மாமாவின் பழைய டைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தச் சாக்கில், அன்றைக்கு எனக்கு வந்தது மெட்ராஸ் ஐ இல்லை, நான்தான் மூடியைத் திறந்து அந்தப் புற ஊதா விளக்கைப் பார்த்தேன், வெல்டிங் வெளிச்சம் பட்டதுபோல் கண் வெந்துவிட்டது என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். முப்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்தது.

அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்," என்றார்.

மாமா அந்தச் செவ்வாய்க்கிழமையே அவரிடம் சொல்லிவிட்டாராம். அத்திம்பேருக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார் என்று அழுதாராம். அக்காவைத் திரும்பக் கூப்பிட அம்மா இரண்டு தடவை கீழே இறங்கிவிட்டுத் திரும்பி வந்தாராம். "மூணாத்துலயும் போய் நான்தானே சொன்னேன். மறுபடி எந்த மூஞ்சியோட போய், அவ மேல தப்பில்லே, எங்காத்து வெளக்கு பண்ணின வேலைன்னு சொல்றது? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆள் வெச்சுட்டா."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதல்," என்றார். "தனக்கு நெஜமாவே கண் வலிதான்னு நெனச்சிண்டுதான் அவ போனா. வீண்பழின்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்து சொல்லியிருப்பாளே. இல்லையா?"

பதிலுக்காக அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குத் தெரியாதும்மா," என்றேன்.